வாட்டர் சர்வீஸ் லைனுக்குப் பித்தளை ஃபிட்டிங்: எதை எங்கே போடலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நாமக்கல் பைபாஸ் ஓரமாக இரண்டு ரேம்ப் போட்டு வாட்டர் சர்வீஸ் தொடங்குகிறீர்கள். 5 எச்பி மோட்டார், தண்ணீரைத் தள்ளும் தண்டு (பிளஞ்சர்) மூன்று உள்ள ஒரு பம்ப், 120 பார் பிரஷர், நிமிஷத்துக்கு 15 லிட்டர். பம்ப் ரூமிலிருந்து ரேம்ப் வரை 40 அடி லைன். பக்கத்து ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் பித்தளை எல்போ, டீ, நிப்பிள், பால் வால்வு என்று ஒரு பை நிறைய வாங்கி வைத்துவிட்டீர்கள். "கையில் எடுத்தால் நல்ல கனம், இது தாங்குமா?" என்பது கேள்வி.

தாங்காது. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே அந்த வகைச் சாமானைப் போடலாம், சைஸ் மட்டும் பெரிதாக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். பம்பைத் தாண்டிய பிறகு அதில் ஒன்றுகூட வேண்டாம்.

இதைச் சொன்னதும் எல்லோரும் "அப்போ பித்தளையே ஆகாதா, எல்லாம் ஸ்டீல்தானா" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. உங்கள் பம்பின் தலையைப் பாருங்கள், பெரும்பாலான பிளஞ்சர் பம்புகளில் அது ஃபோர்ஜ் செய்த, அதாவது சூடாக்கி அச்சில் அழுத்தி உருவாக்கிய பித்தளைதான். நாள் முழுக்க 120, 150, 200 பார் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடுகிறது. கன்னை மூடியதும் தண்ணீரைத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வின் உடம்பும் பித்தளை, தண்ணீர் பீய்ச்சும் கன்னுக்குள் இருக்கும் வால்வும் பித்தளை. உலோகத்தில் குறை இல்லை. அந்த எல்போ எந்த வேலைக்கு என்று செய்யப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டுக் குழாய்க்குச் செய்த பித்தளையும் ஹைட்ராலிக் வேலைக்குச் செய்த பித்தளையும் அதே அரை இன்ச், அதே மஞ்சள் நிறம், மரைகூட ஒன்றோடொன்று ஏறிவிடும். அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

மொட்டை மாடியில் 30 அடி உயரத்தில் டேங்க் இருந்தால் கீழே குழாயில் வருவது ஒரு பாருக்கும் கொஞ்சம் குறைவு. பிளம்பர் பழகுவது அந்த உலகத்தில். அவர் போடும் ஃபிட்டிங்கில் பிஎன்16 என்று அச்சு இருந்தால் அது 16 பாருக்கு, பிஎன்25 என்றால் 25 பாருக்கு. நிறைய ஃபிட்டிங்கில் அந்த அச்சுகூட இருக்காது. பால் வால்வில் 600 டபிள்யூஓஜி என்று எழுதியிருப்பதைப் பார்த்து 600 பார் என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது 600 பிஎஸ்ஐ. ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, கணக்குப் போட்டால் 41 பார்தான் வருகிறது. உங்கள் லைன் 1,740 பிஎஸ்ஐ.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அரை இன்ச் மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். லைன் முடிவில் ஒரு எண்டு பிளக் போட்டிருக்கிறீர்கள் என்றால், 120 பாரில் தண்ணீர் அதை வெளியே தள்ளுகிற பலம் நானூறு கிலோவுக்கு மேல். நாலைந்து சிமெண்ட் மூட்டை அல்ல, எட்டு மூட்டை. அவ்வளவையும் சில சுற்று மரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் அசையாமல் நிற்கிற பாரம் கிடையாது. கன் டிரிகரை விட்ட நொடியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிற்கிறது, அந்த அடி லைன் முழுக்கத் திரும்பி வருகிறது. 12 மி.மீ. உள்விட்டக் குழாயில் 15 லிட்டர் ஓடினால் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரும்புக் குழாயில் அது ஒரேயடியாக நின்றால் சுமார் 30 பார் வரை கூடுதலாக எகிறலாம். ஓஸ் ரப்பர் என்பதால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அன்லோடரும் திறந்துவிடும், இருந்தாலும் ஒரு காரைக் கழுவி முடிப்பதற்குள் டிரிகரை எத்தனை முறை விட்டு விட்டு அமுக்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் 120 பார் லைனுக்கு 120 பார் ஃபிட்டிங் வாங்கக் கூடாது. வேலை அழுத்தம் குறைந்தது 200 பார், கிடைத்தால் 250 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எழுதியிருப்பது வேலை அழுத்தமா, வெடிக்கும் அழுத்தமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓஸ் வகையில் வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல நாலு மடங்கு இருக்கும், சிலர் அந்தப் பெரிய எண்ணைச் சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

எங்கே வாங்குவது என்றால், உங்களுக்கு வசதி இருக்கிறது. திருச்செங்கோடு பக்கம்தானே? போர் ரிக் வண்டிகளுக்கு ஓஸ் பிரஸ் செய்து கொடுக்கிற கடைகளுக்குப் போங்கள். டிப்பர் ஹைட்ராலிக் வேலை செய்கிறவர்களிடமும் கிடைக்கும். அவர்களிடம் "அரை இன்ச் எல்போ" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பார், என்ன மரை, ஆணா பெண்ணா (மரை வெளியிலா உள்ளேயா), சீல் எப்படி, இந்த நாலையும் சொன்னால்தான் சரியான சாமான் வரும்.

மரையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வருகிற லீக்கேஜ் புகாரில் பாதிக்கு மேல் இதுதான். நம் ஊர்க் குழாய் மரை பிஎஸ்பி என்ற வகை, மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவுக்கென்று செய்த பம்பிலும் கன்னிலும் வருவது என்பிடி, 60 டிகிரி. கால் இன்ச்சிலும் மூணு நூலிலும் (3/8 இன்ச்) பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18. அதனால் ஒன்றிரண்டு சுற்றிலேயே கடித்துக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும். அரை இன்ச்சும் முக்காலும்தான் ஆபத்து. இரண்டு வகையிலும் 14 மரை. கையால் மூன்று நாலு சுற்று அழகாக ஏறும், ஸ்பேனர் போட்டால் இறுகும், டெஃப்லான் சுற்றினால் பத்து பாரில் சொட்டுக்கூட வராது. 120 பாருக்குப் போனதும் கசியும். இன்னும் இறுக்குவோம். பித்தளை பிளந்துவிடும். பம்ப் பெட்டியில் இருக்கும் சின்னப் புத்தகத்தில் இன்லெட், அவுட்லெட் மரை என்ன என்று எழுதியிருக்கும், அதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். இத்தாலி பம்பு என்றால் பெரும்பாலும் பிஎஸ்பி.

பிஎஸ்பியிலேயே இரண்டு உண்டு. நேர் மரை, சரிவு மரை. சரிவு மரை போகப் போகத் தடிக்கும், ஆப்பு மாதிரி இறங்கி அடைக்கும், இதற்குத்தான் டெஃப்லான் டேப். நேர் மரை எவ்வளவு இறுக்கினாலும் மரையில் அடைக்காது, அதற்கு அடியில் ஒரு வாஷர் உட்கார வேண்டும். பம்ப் தலையில் இருக்கும் துளை பெரும்பாலும் நேர் மரை. அதில் சரிவு மரை நிப்பிளைக் கொண்டுபோய் டேப் சுற்றி இரண்டடிப் பைப் ரிஞ்சில் இறுக்கினால் பம்ப் தலையே கீறல் விடும். பல ஆயிரம் ரூபாய்த் தலையை ஒரு நிப்பிளுக்காக உடைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே நேர் மரை அடாப்டர் வாங்கி, டவுட்டி வாஷர் போடுங்கள். வெளியே இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு இருக்குமே, அது. மூணு நூலுக்கு ஒன்று, அரை இன்ச்சுக்கு ஒன்று என்று சைஸ் சரியாக வாங்க வேண்டும். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று, போதும். டேப் வேண்டவே வேண்டாம்.

டேப் போடுகிற இடத்தில் மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள், நுனியில் முதல் மரையை வெறுமையாக விடுங்கள். கிழிந்த டேப் துணுக்கு உள்ளே போனால் நேராக நாசிலில் போய் நிற்கும். அரை மில்லிமீட்டர் வெள்ளைத் துணுக்குக்காக நாசில் அடைத்து, பிரஷர் எகிறி, அன்லோடர் கெட்டுவிட்டது என்று பம்பையே கழற்றி வைத்திருப்பார்கள். சணல் நூல் இந்த லைனில் எங்கேயும் ஆகாது.

கன் ஓஸில் எம்22 என்று ஒரு கப்ளிங் வரும், கையாலேயே திருகுவது. அதில் வெளி மரை எல்லாம் ஒன்றுதான், நடுவில் நுழையும் குச்சிதான் 14 மி.மீ. என்றும் 15 மி.மீ. என்றும் இரண்டு வகை. மாறிப் போனால் மரை ஏறும், ஓ-ரிங் மட்டும் பிய்ந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் லைன். 40 அடிக்கும் பித்தளை எல்போ, நிப்பிள் என்று கோர்க்க நினைத்ததை விட்டுவிடுங்கள். ஜிஐ குழாயும் வேண்டாம், சிவப்புப் பட்டை போட்ட சி கிளாஸ் என்றாலும் அதன் எல்போவும் சாக்கெட்டும் இந்த அழுத்தத்துக்குச் செய்தவை இல்லை. 16 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. சுவர் கொண்ட சீம்லெஸ் ஸ்டெயின்லெஸ் குழாய் போடுங்கள், 120 பார் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வளைக்கிற மெஷினில் வளைத்துவிட்டால் எல்போவே தேவைப்படாது. ஃபெரூல் (குழாயைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) வைத்த கம்ப்ரெஷன் ஃபிட்டிங், அதுவும் ஸ்டெயின்லெஸ், இரண்டு முனையில் மட்டும் வரும். நாலடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு சுவரில் பிடித்துவிடுங்கள், ஆடுகிற குழாய் ஃபிட்டிங்கைத்தான் முதலில் தின்னும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் உள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வலை வைத்த ஓஸையே சுவரோரம் ஓட்டலாம். மூணு நூல் ஓஸில் ஒரு கம்பி வலை 180 பார், இரண்டு கம்பி வலை 330 பார் தாங்கும்.

பித்தளை எங்கே வரும் என்றால், அடிக்கடி கழற்றி மாட்டுகிற இடங்களில். பம்ப் வாயில் அடாப்டர், அன்லோடர், கேஜுக்குப் போகும் கால் இன்ச் டீ, ஓஸ் முனையில் சுழலும் ஸ்விவல், க்விக் கப்ளர். பித்தளை துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது, ஸ்டெயின்லெஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் ஏற்றினால் சில சமயம் மரை கடித்து இறுகி அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், பித்தளையில் அந்தத் தொல்லை கிடையாது. க்விக் கப்ளரில் மட்டும் பெண் பக்கம் பித்தளை, ஆண் பிளக் ஸ்டெயின்லெஸ் என்று எடுங்கள். ஆண் பிளக்கும் பித்தளை என்றால் உள்ளே இருக்கும் குண்டுகள் அந்தக் காடியைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு நாள் கன் கையில் இருக்கும்போதே கழன்றுகொள்ளும்.

நல்ல பித்தளையை எப்படிப் பார்ப்பது? கனத்தை நம்பாதீர்கள். மணல் அச்சில் வார்த்தது கனமாகத்தான் இருக்கும், உள்ளே ஊசித் துளைகளும் இருக்கும். மேல்பரப்பு சொரசொரவென்று மணல் தடம் தெரிந்தால் அது வார்ப்பு. ஃபோர்ஜ் செய்தது வழவழப்பாக இருக்கும், நடுவில் அச்சு சேர்ந்த கோடு மெலிசாகத் தெரியும். கம்பியில் கடைந்தது என்றால் லேத் கோடுகள் வட்டமாக ஓடும், நேர் நிப்பிளுக்கு அது நல்லதே. நிக்கல் பூசியதாக இருந்தால் ஓர் ஓரத்தில் அரத்தால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாகச் சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவை, வேண்டாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. நம் நாட்டில் விற்கிற பித்தளைச் சாமானில் பெரும்பங்கு குஜராத் ஜாம்நகரிலிருந்து வருகிறது, அங்கே மிக நல்லதும் செய்கிறார்கள், விலைக்குத் தகுந்ததும் செய்கிறார்கள். ஊர் பெயரைப் பார்க்காமல் சுவர்த் தடிமனையும் அச்சிட்ட எண்ணையும் பாருங்கள்.

சரி, இனி உங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு வாட்டர் சர்வீஸில் காலையில் வந்து பார்த்தால் பித்தளை டீ நீளவாக்கில் பிளந்திருந்தது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடவில்லை, லைனில் பிரஷர் இல்லை. ஓனர் யாரோ சுத்தியலால் அடித்துவிட்டார்கள் என்று பையன்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். டீயைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். அடிபட்ட குழி இல்லை, நசுங்கல் இல்லை, மரையின் வாயிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு நேராக ஓடியிருந்தது, பிளந்த முகம் மங்கலாகக் கறுத்திருந்தது. உள்ளே இறுக்கியிருந்த இரும்பு நிப்பிளில் டேப் பத்துப் பன்னிரண்டு சுற்று. அந்த இடத்தில் பாதி வண்டிகள் கோழி ஏற்றுகிற வண்டிகள். கூண்டைக் கழுவிய எச்சம் கீழே தேங்கி, அந்தச் சுவரோரமே மூக்கைப் பிடிக்கிற அம்மோனியா நெடி.

காரணம் அதுதான். இறுக்கத்தில் விரிந்து நிற்கிற பித்தளையும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால், எந்த அடியும் படாமல் தானாகவே பிளக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் இப்படித்தான் வெடித்து வீணாயின, குதிரை லாயங்களின் அம்மோனியா காற்றில் கலந்து ஈரத்தோடு சேர்ந்ததால். பருவகாலத்தில் வருவதால் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்தார்கள், அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் தெளிவாக நிறுவினார்கள். நாமக்கல்லில் கோழி வண்டி வராத வாட்டர் சர்வீஸ் ஏது? ஆகவே ரேம்ப் பக்கத்தில் பித்தளையைக் குறையுங்கள், அங்கே ஸ்டெயின்லெஸ் வரட்டும். பித்தளையைப் பம்ப் ரூமுக்குள் வையுங்கள். எங்கே போட்டாலும் பெண் மரைக்குள் சரிவு மரை இரும்பு நிப்பிளை வெறித்தனமாக இறுக்காதீர்கள், டேப் நாலைந்து சுற்று போதும். கண்ணாடி துடைக்கிற திரவங்களிலும் அம்மோனியா இருக்கலாம், டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.

ஆசிட் இன்னொன்று. வீட்டில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவாமல் கொஞ்ச நேரம் விட்டால் அங்கங்கே சிவப்புத் திட்டு விழுமே, பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் கரைந்து போய் செம்பு மட்டும் மேலே நிற்கிற நிறம் அது. வீல் கழுவுகிற ஆசிட், சேஸிஸ் துருவுக்கு ஊற்றுகிற ஆசிட் எல்லாம் புளியைவிடப் பல மடங்கு. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் லைனில் தேங்கி நின்றாலும் மெதுவாக இதே வேலை நடக்கும். ஃபிட்டிங் மேல் வெள்ளைப் பொடி பூத்து, சுரண்டினால் உள்ளே மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அது பார்க்க முழுசாக இருக்கும், ஆனால் உள்ளே பஞ்சு மாதிரி. இதைத் தடுக்கவே டிஇசட்ஆர் என்று ஒரு பித்தளை வகை இருக்கிறது, உப்புத் தண்ணீர்க்காரர்கள் கேட்டு வாங்கலாம். ஃபோம் போடுகிற பக்கத்தில் மருந்து போகும் வழி முழுக்க பிளாஸ்டிக்கோ 316 ஸ்டெயின்லெஸ்ஸோ போடுங்கள். கடைசிக் கழுவலுக்கு ஆர்ஓ தண்ணீர் வைக்கிற யோசனை இருந்தால் அந்த லைனிலும் பித்தளை வேண்டாம், உப்பே இல்லாத தண்ணீரும் உலோகத்தைத் தின்னும்.

இரும்போடு பித்தளை சேரும் இடத்தில் துருப்பிடிப்பது இரும்புதான். ஜிஐ எல்போவில் பித்தளை நிப்பிள் போட்டால் எல்போதான் சீக்கிரம் போகும், அதனால் தொட்டிப் பக்கம் அந்தக் கலப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

லைன் போட்டு முடித்ததும் நேராக வண்டி கழுவ ஆரம்பித்துவிடாதீர்கள். நாசிலைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் தண்ணீர் ஓடட்டும், மரைத்தூள், டேப் துணுக்கு எல்லாம் வெளியே போகட்டும். அப்புறம் நாசில் மாட்டி, அன்லோடரை 40 பாரில் வைத்து ஒவ்வொரு ஜாயின்டாகப் பாருங்கள், பிறகு 80, பிறகு 120. கசிவு தெரிந்தால் மோட்டாரை நிறுத்தி, கன்னை அமுக்கி பிரஷரை இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். கையால் தடவிக் கசிவைத் தேடாதீர்கள், இதை உங்கள் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஊசித் துளையிலிருந்து வரும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி அளவுதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அப்படி ஆகிவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், "பிரஷர் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவு தேட ஒரு அட்டையை நீட்டினாலே போதும்.

அன்லோடரின் பைபாஸ் தண்ணீரைப் பம்ப் இன்லெட்டுக்கே திருப்பாமல் தொட்டிக்குக் கொண்டுபோய் விடுங்கள். இன்லெட்டுக்கே சுற்றினால் கன்னை மூடிவைத்த சில நிமிஷத்தில் தண்ணீர் சூடாகி சீல் எல்லாம் போகும்.

உங்கள் பைக்கு வருவோம். இன்லெட்டுக்கு முக்காலோ ஒரு இன்ச்சோ வேண்டும், ஆகையால் அரை இன்ச் எல்போக்களைக் கடையில் கொடுத்து அந்த சைஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பால் வால்வில் ஒன்றைத் தொட்டிக் கழுவும் குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம். இன்லெட் லைனில் ஒரு ஜாயின்ட் சரியில்லை என்றால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே இழுக்கும்; கன் விட்டு விட்டுத் துடிக்கும், பம்ப் உள்ளே ஜல்லி உருட்டுகிற மாதிரி சத்தம் வரும். அப்படி வந்தால் ஷாம்பு நுரையை ஒவ்வொரு ஜாயின்டிலும் தடவிப் பாருங்கள், எங்கே நுரை உள்ளே போகிறதோ அங்கேதான். பம்ப் வாயில் வரும் அடாப்டருக்கு மரை என்னவென்று பம்ப் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள், வாங்க வேண்டிய சாமானை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.